பழைய கார் வாங்கியாச்சு, அப்புறம்?

பதினைந்து இருபது வருடம் ஓடிய காரை வாங்கிய புதிதில் எல்லோருக்கும் கை பரபரக்கும். எல்.இ.டி. பல்பு போடலாமா, அகலமான டயர் போடலாமா, பாட்டு கேட்க நல்ல செட் வைக்கலாமா என்று மனம் ஓடும். எனக்கும் ஓடியது. கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பழைய காரில் நாம் குறை என்று நினைக்கும் பல விஷயங்கள், கார் புதிதாக இருந்தபோது நன்றாகவே வேலை செய்தவை. ஹெட்லைட் மங்கலாக எரிகிறது என்றால் பல்பு மட்டம் என்று அர்த்தமில்லை. பல்புக்குப் போக வேண்டிய மின்சாரம் வழியிலேயே தேய்ந்துபோகிறது. வண்டி மேடு பள்ளத்தில் லொடலொடக்கிறது என்றால் வடிவமைப்பு மோசமில்லை, சஸ்பென்ஷன் இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ் நைந்திருக்கிறது. வயதான காரில் இரும்பு சாமானியமாகப் போகாது. முதலில் போவது ரப்பரும் மின் இணைப்புகளும். அதனால் முதலில் வண்டியை அதன் பழைய நிலைக்குக் கொண்டுவருவோம். மேம்படுத்துவதை அப்புறம் பார்க்கலாம்.

கையில் என்ன இருக்க வேண்டும்

பெரிய கருவிப் பெட்டி தேவையில்லை. ஒரு சாக்கெட் ஸ்பேனர் செட், டார்ச், டயர் காற்று பார்க்கும் மீட்டர், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், இரண்டு ஜாக் ஸ்டாண்ட், கையுறை. ஒன்றே ஒன்றில்தான் நல்ல தரம் பார்க்கச் சொல்வேன்: ஜாக் ஸ்டாண்ட். ஜாக் என்பது வண்டியைத் தூக்குவதற்கு மட்டும். அதில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை விடவே கூடாது. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சமதளத்தில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி, வண்டியை ஒரு முறை நன்றாக உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடியில் போக வேண்டும்.

அப்புறம் ஒரு நோட்டு. முதல் பக்கத்தில் இன்றைய தேதியும் கிலோமீட்டரும். முந்தைய உரிமையாளர் ‘எல்லாம் மாத்தியாச்சு’ என்று சொல்லியிருப்பார். பில் இருந்தால் நம்புங்கள். இல்லையென்றால் எதுவும் மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாடலுக்கான சர்வீஸ் கையேடு கிடைத்தால் அதுவும் பக்கத்தில் இருக்கட்டும். கீழே நான் தரும் அளவுகள் பொதுவானவை. கையேடு வேறு சொன்னால் கையேடு சொல்வதே சரி.

முதல் வாரம்: திரவங்கள்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஆறிய பிறகு டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, திரும்பச் செருகி எடுங்கள். ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவில், மேல் கோட்டுக்குப் பக்கமாக இருக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர். அளவு குறைந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மேல்கோட்டைத் தாண்ட விடாதீர்கள். கறுப்பாக இருப்பது கெட்டது என்று பதற வேண்டாம், அழுக்கைத் தூக்கிச் சுமப்பதுதான் ஆயிலின் வேலை. டிப்ஸ்டிக்கில் வருவது பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிரவைக்கும் திரவம், உள்ளே கலக்கிறது; இன்ஜினின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் லேசாக அந்த நிறம் தெரிந்தால் அது வேறு கதை. குளிர் நாளில் குறுகிய தூரமே ஓடும் வண்டியில் ஈரம் படிந்து அப்படி ஆகும்.

கூலன்ட்டை ஆறிய இன்ஜினில் மட்டும் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கையும் முகமும் வெந்துவிடும். உள்ளே இருப்பது அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்து அழுத்தம் போன நொடியில் பொங்கி அடிக்கும். வெறும் தண்ணீரை மட்டும் வருடக் கணக்கில் ஊற்றி ஓட்டிய கார்கள் நிறைய உண்டு. மூடியைத் திறந்தால் துருச் சேறு தெரியும். அப்படியானால் முழுவதும் வடித்து, அலசி, கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள். நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள். ஒரே பச்சையில் வெவ்வேறு வேதிப்பொருள் உண்டு. ஒத்துப்போகாதவை கலந்தால் கூழாகி ரேடியேட்டரை அடைத்துவிடும்.

பிரேக் ஆயில்தான் அதிகம் மறக்கப்படுவது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி; ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகி உள்ளே ஆவி கட்டினால் பெடல் தரை வரை போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை, 4-ஓடு சேராது. பெயரில் ஒரு எண் கூடுதலாக இருப்பதால் உசத்தி என்று வாங்கிவிடாதீர்கள். இன்னொன்று, தொட்டியில் அளவு குறைந்தால் உடனே ஊற்றி நிரப்பாதீர்கள். பிரேக் பேட் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் எங்கோ கசிகிறது. ஊற்றி நிரப்பினால் அந்த அறிகுறியை அழித்துவிடுகிறீர்கள். பிரேக் ஆயில் மாற்றி, குழாயில் சிக்கிய காற்றை வெளியே எடுக்கும் வேலையை முதல் முறை, செய்து பழகியவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். பெயின்ட் மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், அரித்துவிடும்.

பிஸ்டனையும் வால்வையும் ஒத்திசைந்து ஓடவைப்பது டைமிங் பெல்ட். அதற்கு ஒரே ஒரு கேள்வி: எப்போது மாற்றியது என்பதற்கு ஆதாரம் உண்டா? இல்லையென்றால் மாற்றுங்கள். பல கார்களுக்கு 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டர் வரை கெடு சொல்வார்கள். குறைவாக ஓடினாலும் வயதும் கணக்கில் வரும். பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். அதற்கப்புறம் செலவு பெல்ட்டோடு நிற்காது. வாட்டர் பம்ப்பும் அதே இடத்தில் இருந்தால் கையோடு மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். இந்த வேலையை மட்டும் நல்ல மெக்கானிக்கிடம் விடுங்கள். பெல்ட்டுக்குப் பதில் செயின் உள்ள இன்ஜினாக இருந்தால் இந்தக் கெடு இல்லை, காலையில் ஸ்டார்ட் செய்ததும் கலகலவென்று சத்தம் வருகிறதா என்று கேட்டால் போதும்.

ரப்பர் என்றால் தொட்டுப் பார்ப்பது

ரப்பரைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் ஹோஸை விரலால் அமுக்குங்கள். மொறமொறவென்று உள்ளே நொறுங்குவது போல இருந்தாலும், கொழகொழவென்று இருந்தாலும் அதன் காலம் முடிந்தது. கிளிப் பக்கத்தில் உப்பியிருந்தாலும் அப்படியே. இன்ஜின் உறிஞ்சும் காற்றழுத்தத்தைக் கடத்தும் சின்ன வேக்கம் ஹோஸ்களின் முனைகளை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்குவதற்குக் காரணம் அங்கேயே இருக்கலாம். ஒரு முழம் ஹோஸ் சரிசெய்யும் கோளாறுக்குச் சென்சார் சென்சாராக மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். பெட்ரோல் ஹோஸில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். வாசனை வந்தால் வண்டியை எடுக்காதீர்கள். மாற்றும்போது எரிபொருளுக்கென்றே செய்த ஹோஸ்தான் வாங்க வேண்டும்; எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வகை ரப்பரை நைக்கும்.

முன்சக்கரத்தை முழுதாக ஒரு பக்கம் திருப்பி, டார்ச் அடித்து, ஆக்ஸிலின் ரப்பர் உறையைப் பாருங்கள். கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தால் உறையை மட்டும் மாற்றினால் இப்போது தப்பிக்கலாம். திருப்பத்தில் டக் டக் என்று சத்தம் வர ஆரம்பித்துவிட்டால் ஜாயின்ட்டே போய்விட்டது.

டயரில் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று எல்லோரும் பார்ப்பார்கள். பல நாடுகளில் சட்டப்படி குறைந்தபட்சம் 1.6 மில்லிமீட்டர். வயதைப் பார்ப்பவர்கள் குறைவு. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பத்து வருடம் ஆன டயர் பளபளவென்று இருந்தாலும் எனக்கு வேண்டாம். காற்றழுத்தம் எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டிய தாளில் இருக்கும். டயரிலேயே எழுதியிருப்பது அது தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்துக் காற்றடிக்கக் கூடாது. சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் நட்டுகளை எதிரெதிராக, நட்சத்திரம் போடுவது போல இறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை பாருங்கள்.

மின்சாரம்: நான் ஏமாந்த இடம்

என் முதல் பழைய காரில் காலையில் செல்ஃப் இழுக்காது. முனகும், நின்றுவிடும். பேட்டரி என்று முடிவு செய்து புதிது போட்டேன். ஒரு மாதம் நன்றாக இருந்தது, மறுபடி முனகல். செல்ஃப் மோட்டாரைக் கழற்றி சர்வீஸ் செய்தேன். கொஞ்ச நாள் சரி, மறுபடி அதே. கடைசியில் ஒரு வயதான எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டரின் ஒரு முள்ளை பேட்டரி மைனஸ் முனையில் வைத்தார், இன்னொன்றை இன்ஜின் உடம்பில். ‘சாவியைத் திருப்புங்க’ என்றார். மீட்டரில் 1.8 வோல்ட். இரண்டும் எர்த், இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒன்றும் காட்டக் கூடாது. இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் எர்த் பட்டையைக் கழற்றிக் காட்டினார். வெளியே அழுக்கு, உள்ளே பச்சைப் பொடி. உப்புத்தாளால் இரண்டு பக்கமும் பளிச்சென்று தேய்த்து, புதுப் பட்டை போட்டு முடுக்கினார். அன்றிலிருந்து வண்டி அரைச் சுற்றில் பிடித்தது. நான் மாற்றிய பேட்டரியிலும் மோட்டாரிலும் ஒரு பழுதும் இருந்திருக்காது.

அந்தச் சோதனையை நீங்களே செய்யலாம். வண்டி ராத்திரி முழுவதும் நின்ற பிறகு, எதையும் போடாமல், பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. இன்ஜின் ஓடும்போது 13.8-இலிருந்து 14.5-க்குள் காட்ட வேண்டும், குறைந்தால் ஆல்டர்னேட்டர் பக்கமோ பெல்ட் பக்கமோ பாருங்கள். அடுத்து இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லி, செல்ஃப் சுற்றும்போது பேட்டரி முனைகளில் பாருங்கள், 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி தளர்ந்துவிட்டது. அது நன்றாக இருந்தும் செல்ஃப் முனகினால், மேலே சொன்னபடி பேட்டரி மைனஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவே வையுங்கள். 0.2, மிஞ்சிப்போனால் 0.3. அதற்கு மேல் என்றால் எர்த் கெட்டிருக்கிறது. பிளஸ் பக்கத்தையும் இதே மாதிரி பேட்டரி பிளஸிலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த வயர் முனை வரை பார்க்கலாம். மீட்டர் வயர் பெல்ட்டிலும் ஃபேனிலும் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெர்மினலில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் முதலில் மைனஸைக் கழற்றுங்கள், அப்புறம் பிளஸ். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசி. காரணம் எளிது: மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றினால் பூத்தது நுரைத்துக் கரையும். பேட்டரிக்குள் அது இறங்காமல் பார்த்துக்கொண்டு, கழுவித் துடைத்து, முனைகளைத் தேய்த்து மாட்டிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். சில கார்களில் பேட்டரியைக் கழற்றினால் ரேடியோ ரகசிய எண் கேட்கும். அதைத் தேடி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

ஹெட்லைட்: மேம்பாடு என்றால் இது

முதல் மேம்பாடாக எதைச் செய்யலாம் என்று யார் கேட்டாலும் ஹெட்லைட்டுக்கு ரிலே என்றுதான் சொல்வேன். பல பழைய கார்களில் ஹெட்லைட்டுக்குப் போகும் மின்சாரம் முழுவதும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகச் சுற்றித்தான் போகிறது. நீளமான மெல்லிய வயர், தேய்ந்த சுவிட்ச், பத்து இருபது வருடப் பழைய கனெக்டர். ஒவ்வொன்றும் கொஞ்சம் தின்கிறது. இன்ஜின் ஓட, லைட் எரிய, பேட்டரியில் ஒரு அளவும் பல்பின் பின்முனையில் ஒரு அளவும் எடுங்கள். என் காரில் பேட்டரியில் 13.8, பல்பில் 11.9. சுமார் 14 சதவீதம்தானே குறைவு என்று தோன்றும். ஹாலோஜன் பல்பில் வெளிச்சம் வோல்ட்டை விட வேகமாக விழும். இந்தக் கணக்குக்கு வெளிச்சம் ஏறக்குறைய 40 சதவீதம் போய்விடுகிறது. பல்பு மாற்றி என்ன செய்ய?

ரிலே வைத்தால் சுவிட்ச் வெறும் சமிக்ஞை மட்டும் கொடுக்கும். சுமையை ரிலே தாங்கும். லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று. ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். 30 என்பதற்கு பேட்டரி பிளஸிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர்; பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அதில் 15 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸைத் தள்ளி வைத்தால் அதுவரை உள்ள வயர் பாதுகாப்பில்லாமல் கிடக்கும், அதில் மட்டும் சோம்பல் வேண்டாம். 87-இலிருந்து இரண்டு பல்புகளுக்கும். பழைய ஹெட்லைட் பிளக்கில் வந்துகொண்டிருந்த லைனை 86-இல் கொடுத்து, 85-ஐ எர்த் செய்யுங்கள். பல்புகளின் எர்த்தையும் புதிதாக, பெயின்ட் சுரண்டிய வெறும் தகரத்தில் முடுக்குங்கள். 55 வாட் பல்பு இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 9, 10 ஆம்பியர்தான் இழுக்கும், ஆகவே 15 போதும். வயரை வெட்டுவதற்கு முன் மீட்டரால் ஒன்றைச் சோதியுங்கள்: சில கார்களில், குறிப்பாகப் பழைய ஜப்பானிய மாடல்களில், பிளஸ் எப்போதும் பல்பில் நிற்கும், சுவிட்ச் இணைப்பது எர்த்தை. அதற்கு வயரிங் வேறு மாதிரி. வேலை ஆரம்பிக்கும் முன் பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

எல்.இ.டி. பல்பு பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஹாலோஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் இழை எந்தப் புள்ளியில் இருக்கிறதோ அதை வைத்துத்தான் ஒளி மடங்கும். எல்.இ.டி. அந்தப் புள்ளியில் சரியாக அமர்வது அபூர்வம். எதிரே வருபவர் கண் கூசும், உங்கள் சாலையில் வெளிச்சம் சிதறும். பல நாடுகளில் அது சட்டவிரோதமும்கூட.

பிளாஸ்டிக் லென்ஸ் மஞ்சளித்திருந்தால் தண்ணீர் விட்டு 800, 1500, 3000 என்று வரிசையாக உப்புத்தாள் போட்டு, பாலிஷ் தேய்த்தால் தெளிந்துவிடும். கடைசியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு கட்டாயம். அதை விட்டுவிட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சள். கண்ணாடி லென்ஸ் உள்ள இன்னும் பழைய காரில் இந்தப் பிரச்சினை வராது, அங்கே உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டர் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

மற்ற சின்ன வேலைகள்

போன் சார்ஜ் செய்ய யு.எஸ்.பி. முனை வைப்பது அரை மணி நேர வேலை. சாவி அணைந்தால் அணையும் லைனிலிருந்து, தனி ஃபியூஸோடு எடுங்கள். கேசட் பிளேயர் உள்ள கார் என்றால் அதை எறியாமல் கேசட் வடிவ அடாப்டர் வைத்துப் பாட்டு கேட்கலாம். கதவின் உள்தகரத்தில் அதிர்வு தாங்கும் பட்டை ஒட்டினால் கதவு சாத்தும் சத்தமே மாறும். அமெரிக்காவில் 1996-இலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இலிருந்தும் ஓபிடி பிளக் (காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த பிழைகளைப் படிக்கும் முனை) கட்டாயம். உங்கள் காரில் அது இருந்தால் சின்ன ப்ளூடூத் ரீடர் ஒன்று வாங்கி வையுங்கள். ஆனால் அது சொல்லும் பிழைக் குறியீடு, அதாவது கோடு, நோயின் பெயர் இல்லை, அறிகுறிதான். ஆக்ஸிஜன் சென்சார் கோடு வந்ததும் சென்சாரை மாற்றாதீர்கள். வெடித்த வேக்கம் ஹோஸும் அதே கோடைக் காட்டும்.

கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் எனக்குப் பிடிக்காது. பழைய பெட்டி வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை இழுக்கும். கூம்பு இன்ஜின் அறையின் சூட்டை இழுக்கிறது. கிடைப்பது சத்தம் மட்டும்.

துருவுக்கு மருந்தை விடத் தடுப்பு எளிது. ஒவ்வொரு கதவின் அடி விளிம்பிலும் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் இருக்கும். மண்ணும் இலைத்தூளும் அடைத்திருந்தால் பிளாஸ்டிக் டை ஒன்றை நுழைத்துக் குத்திவிடுங்கள். முன்கண்ணாடிக்குக் கீழே இலை சேரும் பள்ளத்தையும் சுத்தம் செய்யுங்கள், அங்கே தேங்கும் தண்ணீர்தான் கால் மிதியடியை நனைப்பது. மேல்துரு என்றால் பளிச்சென்ற தகரம் தெரியும் வரை தேய்த்து, பிரைமர் போட்டதோடு விட்டுவிடாமல் பெயின்ட்டும் அடியுங்கள். ஜாக் வைக்கும் இடம், சீட் பெல்ட் முடுக்கிய இடம், சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம் ஆகியவற்றில் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் அது வெல்டர் வேலை, புட்டி வைத்து மறைக்கிற வேலை இல்லை.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். ஸ்பார்க் பிளக்கும் ஹோஸும் ஃபில்டரும் ஒரே நாளில் மாற்றிவிட்டு வண்டி இன்னும் மோசமாக ஓடினால், எது காரணம் என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். ஒன்றை மாற்றுங்கள், இரண்டு நாள் ஓட்டுங்கள், நோட்டில் எழுதுங்கள். அப்புறம் அடுத்தது. கழற்றிய பழைய ஃபேன் பெல்ட் நன்றாக இருந்தால் எறியாமல் டிக்கியில் போட்டு வையுங்கள். கூடவே ஒரு ஹெட்லைட் பல்பு, நாலு ஃபியூஸ், அந்தப் பெல்ட்டை மாட்டத் தேவையான ஸ்பேனர்.